சதுரங்கம் முதல் உணவு வலை வரை: ஒரே கணக்கு, பல துறைகள்

ஒரு சதுரங்கப் போட்டியில் இரண்டு பேர் ஆளுக்கு ஏழு புள்ளியுடன் முதலிடத்தில் நிற்கிறார்கள். ஒருவர் பலமான ஆட்டக்காரர்களை வென்று அந்த ஏழு புள்ளியை எடுத்தவர். இன்னொருவர் பலமானவர்களிடம் தோற்று, பட்டியலின் அடியில் இருப்பவர்களை வரிசையாக வென்று எடுத்தவர். கோப்பை யாருக்கு?

இதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். நீங்கள் வென்றவர்களின் புள்ளிகளையெல்லாம் கூட்டுங்கள். டிரா செய்தவர்களின் புள்ளியில் பாதியைச் சேருங்கள். யாருக்குக் கூட்டுத்தொகை அதிகமோ அவர் முன்னால். சொன்னபோர்ன்-பெர்கர் என்ற பெயரில் இந்த டை-பிரேக் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

1895-இல் ஜெர்மனியில் எட்மண்ட் லாண்டௌ என்ற 18 வயது இளைஞர் இதில் ஒரு ஓட்டையைப் பார்த்தார். பின்னாளில் எண் கோட்பாட்டில் பெரும்புள்ளியானவர் அவர். எதிராளியின் பலத்தை அளக்க அவருடைய புள்ளியை எடுக்கிறோம். ஆனால் வெறும் புள்ளி பலத்தைக் காட்டாது என்றுதானே இந்தக் கணக்கையே தொடங்கினோம்? அப்படியென்றால் எதிராளிக்கும் இதே திருத்தத்தைச் செய்ய வேண்டும், அவருடைய எதிராளிகளுக்கும் செய்ய வேண்டும். என் பலம் நான் வென்றவர்களின் பலத்தில் இருக்கிறது. அவர்கள் பலம் அவர்கள் வென்றவர்களிடம் இருக்கிறது. அந்தச் சங்கிலி சுற்றிச் சுற்றி என்னிடமே திரும்பி வருகிறது.

கோழி முதலா முட்டை முதலா என்பது போன்ற இந்தக் கேள்விக்கு விடை உண்டு. அந்த விடைக்குச் சதுரங்கம் தெரியவே வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கண்ணன், மலர், செல்வி என்று மூன்று பிள்ளைகள். "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்கிறோம். கண்ணன் மலரையும் செல்வியையும் சொல்கிறான். மலர் செல்வியை மட்டும் சொல்கிறாள். செல்வி கண்ணனை மட்டும் சொல்கிறாள். தலையை மட்டும் எண்ணினால் செல்விக்கு இரண்டு ஓட்டு, கண்ணனுக்கு ஒன்று, மலருக்கு ஒன்று.

இப்போது ஆளுக்குப் பத்துப் புள்ளி கொடுப்போம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளை தன்னிடம் இருப்பதைத் தனக்குப் பிடித்தவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் கண்ணனிடம் 10, மலரிடம் 5, செல்வியிடம் 15. இரண்டாவது சுற்றில் அது 15, 5, 10 ஆகிறது. மூன்றாவதில் 10, 7.5, 12.5. எண்கள் கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடும். ஆறாவது சுற்றில் 11.25, 6.25, 12.5. தொடர்ந்து போட்டுக்கொண்டே போனால் 12, 6, 12 என்ற இடத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை சுற்று விட்டாலும் மாறாது.

கண்ணனுக்கும் மலருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். ஆனாலும் கண்ணனின் மதிப்பு மலரைப்போல் இரண்டு மடங்கு. மலரைச் சொன்ன கண்ணன் தன் விருப்பத்தை இரண்டாகப் பங்கு போட்டவன். கண்ணனைச் சொன்ன செல்வியோ எல்லோரும் விரும்புகிறவள், அவள் தன் முழு விருப்பத்தையும் ஒருவனுக்கே கொடுத்துவிட்டாள். மதிப்பு ஆளிடம் இல்லை, யார் யாரைச் சொன்னார் என்று ஆட்களுக்கு நடுவே ஓடும் அம்புக்குறிகளில் இருக்கிறது. தொடக்கத்தில் பத்துப் பத்தாகக் கொடுக்காமல் முப்பதையும் மலர் கையில் கொடுத்திருந்தாலும் கடைசியில் இதே 12, 6, 12-தான் வரும். வேண்டுமானால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இது தற்செயல் இல்லை. ஆஸ்கர் பெரோன் 1907-இலும் ஜார்ஜ் ஃப்ரோபீனியஸ் 1912-இலும் நிரூபித்த தேற்றம் இதற்கு அடித்தளம். எல்லோரிடமிருந்தும் எல்லோரையும் அம்புக்குறி வழியே எட்ட முடிந்தால், இப்படி நிலைத்து நிற்கும் விடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில் எல்லோருடைய மதிப்பும் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும். கல்லூரியில் அணிகள் படித்தவர்கள் ஐகன் திசையன் என்று சொல்வது இதைத்தான்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். இதே கணக்கைப் பல துறைகள் மறுபடி மறுபடி கண்டுபிடித்தன. வாசிலி லியோன்டிஃப் 1941-இல் அமெரிக்கப் பொருளாதாரத்தைத் தொழில்களின் வலையாக வரைந்தார். இரும்பின் விலை நிலக்கரியின் விலையைப் பொறுத்தது, நிலக்கரியின் விலை சுரங்க இயந்திரத்துக்கான இரும்பின் விலையைப் பொறுத்தது. இந்த வழிக்காக 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் போட்ட பிள்ளைகள் கணக்கை 1949-இல் சமூகவியலாளர் ஜான் சீலி கிட்டத்தட்ட அப்படியே எழுதினார். 1976-இல் கேப்ரியல் பின்ஸ்கியும் ஃபிரான்சிஸ் நாரினும் ஆய்விதழ்களை எடுத்துக்கொண்டார்கள்: நல்ல இதழ் என்பது நல்ல இதழ்கள் மேற்கோள் காட்டும் இதழ். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செர்கே பிரின்னும் லாரி பேஜும் இணையப் பக்கங்களை எடுத்தார்கள்: முக்கியமான பக்கம் என்பது முக்கியமான பக்கங்கள் இணைப்பு கொடுக்கும் பக்கம். பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறை பிறந்தது, கூகுள் பிறந்தது.

சதுரங்க வீரர், நிலக்கரி, பள்ளிப் பிள்ளை, இயற்பியல் இதழ், இணையப் பக்கம். இவற்றுக்குள் பொதுவாக ஒரு குணமும் கிடையாது. தொடர்பின் வடிவம் மட்டும்தான் பொது. கணக்கு பார்ப்பதும் அந்த வடிவத்தை மட்டும்தான்.

ஆனால் ஒரு துறையிலிருந்து வடிவத்தை அப்படியே தூக்கி இன்னொன்றில் வைத்துவிட முடியாது. இணையத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. செல்வி யாரையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியெல்லாம் அவளிடம் போய்ச் சேரும், வெளியே வராது. இணையத்தில் இப்படி முட்டுச்சந்தாக முடியும் பக்கங்கள் ஏராளம். பிரின்னும் பேஜும் ஒரு கற்பனை ஆளைக் கொண்டுவந்தார்கள். அவர் பெரும்பாலும் இணைப்புகளைத் தொடர்ந்து போவார். அவ்வப்போது சலித்துப்போய் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். தொடர்வதற்கான வாய்ப்பை வழக்கமாக 0.85 என்று வைத்தார்கள். அந்த மீதி 0.15 வலையில் எங்கிருந்தும் எங்கும் போக வழி திறந்துவிடுகிறது, தேற்றத்தின் நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது.

2009-இல் ஸ்டெஃபானோ அலெசினாவும் மெர்சிடெஸ் பாஸ்குவலும் இந்தக் கணக்கை உணவு வலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்தது எனக்கு இந்தக் கதையிலேயே மிக அழகான வேலையாகத் தெரிகிறது. கேள்வி இது: எந்த உயிரினம் அழிந்தால் வலை மிக வேகமாகச் சரியும்? அதற்கு முதலில் அம்புக்குறி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். வெட்டுக்கிளி முக்கியமாவது தவளை அதை நம்பியிருப்பதால். புல் முக்கியமாவது வெட்டுக்கிளி அதை நம்பியிருப்பதால். ஆகவே மதிப்பு உண்பவரிடமிருந்து உணவை நோக்கி ஓட வேண்டும். ஐந்து வகை இரை தின்னும் தவளை தன் மதிப்பை ஐந்தாகப் பிரிக்கும், ஒன்று போனால் அதற்கு மீதி நான்கு உண்டு. தவளையை மட்டுமே தின்னும் பாம்பு முழு மதிப்பையும் தவளைக்கே கொடுக்கும். செல்வி கண்ணனுக்குக் கொடுத்த அதே கணக்கு.

சரி, புல்? அது யாரையும் தின்பதில்லை, அதுதான் இங்கே முட்டுச்சந்து. இணையத்தில் செய்ததுபோல் 0.15 போட்டுத் தாவவிட முடியுமா? முடியாது. ஒருவன் சலித்துப்போய் வேறு பக்கம் திறப்பான். பாம்பு சலித்துப்போய்ப் பாசியைத் தின்னத் தாவாது. அப்படி ஒரு அம்புக்குறிக்கு இயற்கையில் பொருளே இல்லை. அலெசினாவும் பாஸ்குவலும் வேறு வழி பார்த்தார்கள். எல்லா உயிரும் சாகிறது, மக்குகிறது, அந்தச் சத்து மறுபடி செடிகளுக்கு வருகிறது. வலையில் கூடுதலாக ஒரு புள்ளியைச் சேர்த்தார்கள். அதை மண் என்று நினைத்துக்கொள்ளலாம். புல் மண்ணை உண்கிறது, மண் எல்லோரையும் உண்கிறது. வலை மூடிக்கொண்டது, விடை கிடைத்தது, தாவல் தேவைப்படவில்லை. இந்த வரிசைப்படி உயிரினங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கியபோது, அதிகத் தொடர்புள்ளவற்றை முதலில் நீக்குவதைவிட வலை வேகமாகச் சரிந்தது.

வடிவம் ஒன்றாகத் தெரிந்தும் கணக்கு பொருந்தாத இடமும் உண்டு. மின்கட்டமைப்பை வரைந்தால் அதுவும் புள்ளிகளும் கோடுகளும்தான். சாலை வலைகளில் செய்வதுபோல் 'குறுகிய பாதைகள் அதிகம் கடக்கும் துணைமின் நிலையம் எது' என்று கண்டுபிடித்து, அதுதான் ஆபத்தான இடம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மின்சாரம் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் போவதில்லை. கிர்க்காஃப் விதிப்படி எல்லாப் பாதைகளிலும், அந்தந்தப் பாதை காட்டும் தடைக்கு (மின்மறுப்புக்கு) ஏற்பப் பிரிந்து ஓடும். ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் தொலைவில் உள்ள கம்பிகளிலும் ஏறலாம். கோடு எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது என்று கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால் தவறான நிலையத்துக்குக் காவல் போடுவோம்.

இன்னொன்றும் வடிவத்தோடு சேர்ந்தே வருகிறது: நோய். பேஜ்ரேங்க் பிரபலமானதும், ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுத்துக்கொள்ளும் போலிப் பக்கங்களைக் கூட்டங்கூட்டமாக உருவாக்கினார்கள். ஆய்விதழ்களிலும் அதே வேலை நடந்தது. சில இதழ்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்றையொன்று மேற்கோள் காட்டித் தரவரிசையில் ஏறின. பிடிபட்டவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தவளையும் பாம்பும் இப்படிக் கூட்டுச் சேர்வதில்லை. அம்புக்குறியை வரைபவருக்கே அதனால் லாபம் இருக்கும் துறைகளில்தான் இந்த நோய் வருகிறது.

2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் பெர்க்ஸ்ட்ராமும் அவருடன் இருந்தவர்களும் ஐகன்ஃபேக்டர் என்ற அளவீட்டை வெளியிட்டார்கள். இதழ்களிலிருந்து இணையத்துக்குப் போன எண்ணம் இணையத்தில் பட்டை தீட்டப்பட்டு இதழ்களுக்கே திரும்பி வந்தது. ஓர் இதழ் தன்னைத்தானே மேற்கோள் காட்டுவதை இந்த அளவீடு கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான்கைந்து இதழ்கள் வட்டமாக உட்கார்ந்து மாற்றி மாற்றி மேற்கோள் காட்டினால் மட்டும் இந்த ஒரு விதியால் அதைத் தடுக்க முடியாது. அந்த வட்டத்தைத் தேடிப் பிடிக்க, போலி இணையப் பக்கங்களைத் தேடுகிறவர்கள் செய்யும் அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது: தங்களுக்குள் அம்புக்குறிகள் நெருக்கமாகவும், வெளியிலிருந்து வருபவை மிகச் சிலவாகவும் இருக்கும் கூட்டம் எது என்று பார்ப்பது.