கொஸ்தான்சோ என்றால் வீரமா?

பள்ளிப் பேச்சுப்போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். "பெஸ்கியின் இயற்பெயருக்கு இத்தாலிய மொழியில் வீரம் என்று பொருள், ஆகவே வீரமாமுனிவர் ஆனார்" என்று ஒரு மாணவி முழங்கினாள். அடுத்து வந்த இருவரும் அதையே சொன்னார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுதிக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கியின் இயற்பெயர் கொஸ்தான்சோ. லத்தீனில் கோன்ஸ்தான்சியுஸ். 'ஸ்தாரே' என்றால் நிற்றல். 'கோன்' முன்னே சேர்ந்தால் அசையாமல் நிற்றல். மாதத்தைக் குறிக்கும் 'மென்சிஸ்' இத்தாலியத்தில் 'மேசே' ஆனதுபோல, இங்கும் 'ன்' உதிர்ந்தது. அவ்வளவுதான். இதில் வாளும் இல்லை, வீரமும் இல்லை.

பிறகு வீரம் எங்கிருந்து வந்தது? அவருக்கு முதலில் வழங்கிய பெயர் தைரியநாதர். அது நல்ல மொழிபெயர்ப்பு. வடமொழியில் 'தீர' என்றால் உறுதியானவன்; தைரியம் என்றால் கலங்காத மன உறுதி. தமிழில்தான் அந்தச் சொல், இருட்டில் தனியாகப் போகும் துணிச்சல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கிய பொருளைப் பிடித்துக்கொண்டு 'வீரம்' என்றார்கள். மூலத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பையே மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும். வடசொல்லை நீக்கித் தூய தமிழாக்கினார்கள் என்ற பெருமை வேறு! 'வீர' என்ற சொல் ரிக்வேதத்திலேயே இருக்கிறது, ஐயா.

தமிழில் வேண்டுமானால் 'திண்மை' இருக்கிறது. "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற குறள் பொருட்பாலில் வருகிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரே பெஸ்கிதான். கண்ணப்பருக்குப் பெற்றோர் இட்ட பெயர் திண்ணன். கொஸ்தான்சோவுக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ப்பெயர் எனக்குத் தெரியவில்லை. பெண்பால் வடிவமான கொஸ்தான்சாவுக்கும் 'கற்பென்னும் திண்மை' பொருந்தும்.

வீரமாமுனிவர் என்ற பெயரை மாற்றச் சொல்லவில்லை. பட்டமாக இருக்கட்டும், பொருளுரையாக வேண்டாம். இதே லத்தீன் வேரில் வந்த 'கான்ஸ்டன்ட்' என்ற கணிதச் சொல்லுக்கு நம் பாடநூலில் என்ன பெயர்? மாறிலி. கணக்கு வாத்தியாருக்குப் புரிந்தது தமிழாசிரியருக்குப் புரியாமல் போனதுதான் வேடிக்கை.