கூலண்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மரப்பாலம் பக்கத்திலிருந்து ஒரு பல்சர் என்எஸ் 200 பைக்கைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். வண்டியை ஓட்டியவன் அவனுடைய நண்பன். அவன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். முழங்கை வரை வெந்திருக்கிறது, கன்னத்திலும் கொப்புளம். கொதிக்கிற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறான். இந்த வருஷம் என் காதுக்கு வந்த மூன்றாவது ஆள் இவன்.

எதற்கடா திறந்தீர்கள் என்று கேட்டேன். "சூடு காட்டுற லைட் எரிஞ்சுதுண்ணா, தண்ணி கொறஞ்சிருக்கும்னு ஊத்தப் போனோம்" என்றான். தண்ணியா? "ஆமாண்ணா, ரெண்டு மூணு மாசமா தண்ணிதான் ஊத்துறோம். நம்ம ஊருக்கு அது போதும்னு சொன்னாங்க."

யார் சொல்கிறார்கள் இதை? கடலூர் ரோட்டில் இத்தனை வருஷமாக வண்டி பிரிக்கிறேன், இந்த ஒரு பேச்சு மட்டும் ஓயவில்லை. ரேடியேட்டர் வழியாக ஓடி இன்ஜினை ஆற்றும் கூலண்ட் திரவம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு, பனியில் உறையாமல் இருக்க. புதுச்சேரி வெயிலில் என்ன உறையப் போகிறது, தண்ணீரே போதும் என்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை, அது உண்மைதான். ஆனால் அதற்கு வேறு வேலைகளும் இருக்கின்றன, நம் ஊரில் உயிர் காப்பது அவைதான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் சுத்த நீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏறக்குறைய 107-இல்தான் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் இரண்டுமே இன்னும் மேலே போகும், ஆனாலும் தண்ணீர்தான் முதலில் கொதிக்கும். ஏழு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். கத்திரி வெயிலில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் மாட்டி நிற்கிற வண்டிக்குக் காற்றே கிடையாது, பேன் மட்டும்தான் துணை. அந்த நேரத்தில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் தண்ணீர் ஆவியாகிவிட்டால், ஆவிக்குச் சூட்டை இழுக்கத் தெரியாது. ஹெட் கோணிக்கொள்ளும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும்.

இதைவிடப் பெரிய கேடு உப்பு. நம் கடலோர போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ரேடியேட்டர், ஹெட், பம்பு உறை எல்லாம் பெரும்பாலும் அலுமினியம்; சவுறு தண்ணீர் அதை அரித்துத் தின்னும். கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் ஏது? ஞாயிற்றுக்கிழமை வந்த வண்டியின் வாட்டர் பம்பைத் திறந்தபோது உள்ளே சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது. அப்படியானால் கேன் தண்ணி ஊற்றலாமா என்று உடனே கேட்பார்கள். அதிலும் கொஞ்சம் உப்பு உண்டு, அரிப்புத் தடுக்கும் மருந்து கிடையாது. வேண்டாம்.

வழியில் மாட்டிக்கொண்டால், வண்டி நன்றாக ஆறிய பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி வீடு வந்து சேரலாம். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள், பாட்டிலைப் படித்துவிட்டு வாங்குங்கள். வந்ததும் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றிவிட வேண்டும்.

ஆறிய பிறகு என்றால் எப்போது? இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடத்தில் இல்லை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகட்டும். ரேடியேட்டரின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடிக்க முடிய வேண்டும். சூடாக இருக்கும்போது துணி போட்டும் திறக்காதீர்கள். மீறிச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். இந்தப் பையனுக்கு யாரோ டூத்பேஸ்ட் தடவி அனுப்பியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஸ்ப்ளெண்டர், பல்சர் 150 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவை காற்றில் ஆறுபவை. ஆர்15, டியூக், டாமினர், ஹிமாலயன் 450 போன்றவை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நேராக நிமிர்த்தி கூலண்ட் டப்பாவைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. குறைந்தால் டப்பாவில் ஊற்றுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டியதே இல்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே போனால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு! ஆயில் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் கூலண்ட் அதில் கலந்திருக்கிறது; வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். அது வெறும் சாயம். மேனுவலில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். கான்சன்ட்ரேட் பாட்டிலை அப்படியே ஊற்றுவதும் தப்பு, டிஸ்டில்ட் வாட்டர் சேர்க்க வேண்டும். ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீரே சேர்க்கக் கூடாது.

மாற்றும் காலமும் மேனுவலில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும். நீங்களே மாற்றுவதென்றால் வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஊற்றும்போது அவசரப்படாதீர்கள். சிறுகச் சிறுக ஊற்றி, ரப்பர் குழாயை அமுக்கி, வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து, குமிழி வருவது நிற்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் டப்பா நிறைந்திருக்கும், இன்ஜின் கொதிக்கும். மறுநாள் காலையில் இன்னொரு முறை அளவு பாருங்கள்.

வடித்த பழைய கூலண்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள், வாசலில் திறந்து வைக்காதீர்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாய் நக்கினாலும் பூனை நக்கினாலும் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தால் வீட்டுப் பிள்ளையே எடுத்துக் குடித்துவிடும். இறுக்கி மூடிய கேனில் ஊற்றி, மேலே பெரிதாக எழுதி, நீங்கள் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். என் கடைக்குக் கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன், வண்டியை வேறு எங்கே சர்வீஸ் விட்டிருந்தாலும் சரி.