இரும்பு தொட்டதும் உடையும் பாலம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கொக்குவிலிலிருந்து எழுதியிருக்கிறார்: “2021இல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போட்டது சீனாவின் சினோபார்ம் ஊசி. ஆபிரிக்காவுக்கு மலேரியா மருந்தும் கொடுக்கிறார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது?”

நல்ல கேள்வி. 1963இல் அல்ஜீரியாவுக்கு வைத்தியர் குழுவை அனுப்பிய நாடு, 2006இல் ஆபிரிக்காவுக்கு 30 வைத்தியசாலைகளும் 30 மலேரியா நிலையங்களும் தருவதாக அறிவித்தது. நட்பும் சந்தையும் ஐ.நா. வாக்குகளும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால், சீனா உலகுக்குக் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது ஒரு மூலக்கூறு என்பேன். அதுதான் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின்.

அதுவும் அயல்நாட்டு உதவியாகத்தான் தொடங்கியது. போரில் இருந்த வட வியட்நாமின் படையினரை, அக்கால மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா வாட்டியது. அந்த நாடு உதவி கேட்க, 1967 மே 23 அன்று சீனா இரகசிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அதில் பின்னர் சேர்ந்த சீன மருந்தியலாளர் தூ யூயூ பழைய மருத்துவ நூல்களைப் புரட்டினார். நாலாம் நூற்றாண்டு நூலொன்று, ஒரு கைப்பிடி மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொன்னது. கசாயமாகக் காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர், 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் ஈதர் என்னும் திரவத்தால் சாரத்தைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில் 191ஆம் மாதிரி எலிகளின் குருதியிலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முற்றாக அழித்தது. அடுத்த ஆண்டு அந்தச் சாரத்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சாரத்திலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் மூலக்கூறைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அதன் நடுவே இரண்டு ஒட்சிசன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலமாக நிற்கின்றன. பலமில்லாத பிணைப்பு, இரும்பு தொட்டால் உடைந்துவிடும். நமது செங்குழியத்திலும் இரும்பு உண்டு, ஆனால் அது ஈமோகுளோபினுக்குள் பத்திரமாகப் பொதிந்திருக்கிறது. உள்ளே புகுந்த ஒட்டுண்ணியோ அந்த ஈமோகுளோபினைத் தின்கிறது. தின்னத் தின்ன, இரும்பு தாங்கிய ஈம் வெளியே வந்து குவிகிறது. அங்கே மருந்து வந்து சேர்கிறது. இரும்பு பாலத்தை உடைக்க, பிறக்கும் மூர்க்கமான துண்டுகள் ஒட்டுண்ணியின் புரதங்களில் பாய்ந்து ஒட்டி அவற்றைச் செயலிழக்க வைக்கின்றன. தான் உண்ட சோறே அதற்கு நஞ்சாகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். அதனால்தான் நீண்டு நிற்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள்.

ஏட்டில் இருப்பதாலேயே எல்லாம் உண்மை என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்வேன்: ஏடு குறிப்புத்தான் தந்தது, எலிகள்தான் தீர்ப்புச் சொல்லின. அந்தச் சோதனைகளுக்குக் காசு வேண்டும். நமது நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடானது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். கிணற்று நீரிலேயே முட்டையிட்டுப் பெருகும் இனம் அது. எங்கள் வீட்டுக் கிணற்றில், நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்கள் விட்டிருக்கிறோம். வாளி இறங்கும்போது சிதறி, மறுபடியும் கூடுகின்றன. ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.