ரயிலுக்குள் போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

வீட்டில் ஒரு பல்பு எரியவே, மின்சாரம் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று இரண்டு கம்பி வேண்டும். புதுச்சேரி ரயில் நிலையத்தில் நிற்கும் வண்டிக்குத் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. அப்போது இரண்டாவது கம்பி எங்கே? தண்டவாளம்தான் அது. வண்டிக்குள் வேலையை முடித்த மின்சாரம் சக்கரம் வழியாக இறங்கி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது.

விழுப்புரத்திலிருந்து வரும் இந்தப் பாதையில் ஓடுவது 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஊருக்குள் தெருவோடு தெருவாக ஓடும் இலகு ரயிலுக்கு இது சரிப்படாது. அவ்வளவு வோல்ட்டைக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது; அதைக் குறைக்க ஒவ்வொரு வண்டியும் கனமான டிரான்ஸ்பார்மரைச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் பல நகரங்களில் இலகு ரயிலுக்குக் கொடுப்பது 750 வோல்ட் நேர்திசை மின்சாரம், அதாவது எப்போதும் ஒரே திசையில் ஓடுவது.

வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஒரு மெகாவாட் திறனுக்கு 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியர் போதும். 750 வோல்ட்டில் 1,300 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அத்தனையும் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

புதுச்சேரியில் இலகு ரயில் கிடையாது. கணக்குக்காக, நிலையத்திலிருந்து சுப்பையா சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தண்டவாளமும் சேர்ந்து கிலோமீட்டருக்குச் சுமார் 0.02 ஓம் மின்தடை தரும். 1,000 ஆம்பியர் ஒரு கிலோமீட்டர் போனால் 20 வோல்ட் வித்தியாசம். பயப்படுகிற அளவு இல்லைதான். ஆனால் கொஞ்சம் மின்சாரத்தை மண்ணுக்குள் தள்ள அது போதும்.

மின்சாரம் தடை குறைந்த வழியில் மட்டுமே போகும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. மாசிமகம் முடிந்து வைத்திக்குப்பம் கடற்கரையிலிருந்து கலைகிற கூட்டம் மாதிரி, பெரும்பகுதி பெரிய சாலையில் போனாலும் ஒவ்வொரு சந்திலும் நாலு பேர் நுழைவார்கள். காய்ந்த மணல் மின்சாரத்துக்கு அடைத்த சந்து. உப்பு ஊறிய ஈரமண்ணோ அகலத் திறந்த வழி. கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஊரில் மண் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மண்ணில் ஓர் இரும்புக் குடிநீர்க் குழாய் இருந்தால் கசிந்த மின்சாரம் அதில் ஏறிக்கொள்ளும். ஏறுகிற இடத்தில் கெடுதல் இல்லை. துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குழாயை விட்டு மண்ணுக்குள் இறங்குகிறதே, அங்கேதான் வேலை நடக்கிறது. இரும்பு எலெக்ட்ரானை இழந்து அயனியாகக் கரைகிறது. ஒரே ஒரு ஆம்பியர் ஓராண்டு விடாமல் இறங்கினால் சுமார் 9 கிலோ இரும்பு காணாமல் போகும். வண்டி ஓடுவது ஒரு தெருவில், ஓட்டை விழுவது இன்னொரு தெருவில்! குழாய் ஒழுகினால் ரயிலைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

மாறுதிசை மின்சாரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அது நொடிக்கு 100 முறை திசை மாறுவதால், கரைந்ததில் பெரும்பகுதி உடனே திரும்பிவிடுகிறது.

மின்சாரத்தை மண்ணோடு சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தீர்வு. தெருவில் பதிக்கும் தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போடுவார்கள். இணைப்புகளை வெல்டிங் செய்வார்கள். துணை மின்நிலையங்களை நெருக்கமாக வைப்பார்கள். அதையும் மீறிக் கசிவதைப் பிடிக்க, அடியில் கம்பி வலை பதித்துத் திருப்பி அனுப்புவதும் உண்டு. லண்டன் பாதாள ரயிலில் மின்சாரம் திரும்புவதற்கென்றே நான்காவதாக ஒரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். செலவு அதிகம், ஆனால் எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

ஒயிட் டவுன் தெருக்களின் அழகை மேல்கம்பி கெடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் 2003 முதல், பழைய நகரப் பகுதியில் டிராம்கள் மேல்கம்பி இல்லாமல் ஓடுகின்றன. தரையில் பதித்த மின்தண்டவாளத்தில், வண்டிக்கு நேர் அடியில் இருக்கும் துண்டுக்கு மட்டும் மின்சாரம் வரும். ஆனால் அங்கும் அது திரும்புவது சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகத்தான்.

தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான தடையை அளந்து பார்த்துத்தான் இதற்கெல்லாம் ஒப்புதல் தருவார்கள். புதுச்சேரியில் அந்த அளவை மே மாத வெயிலில் எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நவம்பரில் எடுக்க வேண்டும்.