பிளேட்லெட்டை விடுங்கள், கசிவைக் கவனியுங்கள்

டெங்கு வார்டில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" அதாவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை. அடுத்தது, "எப்போது ஏற்றுவீர்கள்?" நோயாளி கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. காய்ச்சல் விட்டதும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், மறுநாள் கை கால் சில்லிட்டபின் தூக்கிக்கொண்டு ஓடிவருவதும் ஓய்ந்தபாடில்லை.

தீவிர டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவுதான், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களைவிட்டு வெளியே ஒழுகுவது. அது உச்சத்துக்குப் போகும் நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். நம் எதிர்ப்புச் செல்கள்தான் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 என்று அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களைக் கொட்டிக்கொண்டிருக்கும். திசுக்களில் இருக்கும் மாஸ்ட் எனும் எதிர்ப்புச் செல்கள் தம் பங்குக்குக் கைமேஸ் நொதியை விடும். வைரஸின் என்.எஸ்.1 புரதமோ நாளங்களின் உட்பூச்சான கிளைக்கோகேலிக்ஸை அரித்துவிடும். நுண்நாளங்கள் ஒழுகத் தொடங்கி, நீரும் ஆல்புமின் புரதமும் நெஞ்சறையிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். டெங்குவில் 4 வகை. முன்பு ஒரு வகை வந்தவருக்கு இன்னொன்று வரும்போது, பழைய ஆன்டிபாடிகளே வைரஸைச் செல்லுக்குள் கொண்டுசேர்த்து இந்தக் களேபரத்தைப் பெரிதாக்கக்கூடும்.

இப்போது பிளேட்லெட்டுக்கு வருவோம். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைகிறது. இருப்பதையும் எதிர்ப்பாற்றல் அழிக்கிறது. வெளியிலிருந்து ஏற்றுவதற்கும் அதே கதிதான், சில மணி நேரத்தில் எண்ணிக்கை பழையபடி இறங்கும். அதைவிட முக்கியம்: பிளேட்லெட் ஏற்றினால் கசிவு அடைபடாது. 20,000 இருந்தும் ரத்தப்போக்கின்றி, நாடி சீராக, சிறுநீர் ஒழுங்காகப் போகிறவர் பெரும்பாலும் தேறிவிடுவார். 90,000 இருந்தும் கசிகிறவர் ரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போகக்கூடும். கடும் ரத்தப்போக்கு இருந்தால் கதை வேறு. மற்றபடி வெறும் எண்ணுக்காக ஏற்றச் சொல்லி மருத்துவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருக்கிறது: ஹீமட்டோகிரிட், அல்லது பி.சி.வி. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அது. மூன்றாம் நாள் 38, ஐந்தாம் நாள் 46 என்றால் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். பிளாஸ்மா வெளியேறி ரத்தம் கெட்டியாகிவிட்டது. ரத்த அழுத்தத்திலும் மேல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 100/80 என்றால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20தான். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அது அபாயம்.

அழற்சிதானே, ஸ்டீராய்டு போட்டால் அடங்காதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. சைட்டோகைன் அளவைப் பார்த்தும் சிகிச்சை மாறப்போவதில்லை. கசிவு நீடிக்கும் 24 முதல் 48 மணி நேரத்துக்கு, அளந்து திரவம் கொடுப்பதுதான் வைத்தியம். பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதும் தப்பு. வெளியே கசிந்த நீர் பிறகு நாளங்களுக்குத் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், பெரியவர்களுக்கு 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில்; குழந்தைகளுக்கு எடைக்கேற்ப, மருத்துவர் சொல்லும் அளவு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் கூடாது. 'ஒரு ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கிவிடுங்கள்' என்று நச்சரிக்கவும் கூடாது. வெறும் தண்ணீரையே குடிக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசலும் குடிக்க வேண்டும். சிறுநீர் போன நேரத்தைக் குறித்துவையுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவில்லை, விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், அரைமயக்கம், காரணமில்லாத பதற்றம் — இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் விடும். கசிவு தொடங்குவதும் அப்போதுதான். காய்ச்சல் விட்டபின் 48 மணி நேரமாவது கண்காணிப்பிலேயே வையுங்கள். அந்த இரண்டு நாளும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், நீங்களும் வேலைக்குக் கிளம்பாதீர்கள், தயவுசெய்து.