இடுப்பெலும்பில் உட்காரும் பை

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண்ணின் கையைக் கவனித்துப் பாருங்கள். குடத்தின் கழுத்தை வளைத்துப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். குடம் சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கையின் வேலை. கனம் இறங்குவது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போதும் இதேதான். ஒரு நல்ல மலையேற்றப் பை செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

மேற்கு வங்காள-நேபாள எல்லையில் இருக்கும் சந்தக்பூ மலைக்குப் போனபோது எனக்கு இது தெரியாது. தம்பியின் 60 லிட்டர் பையை வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனால் வலது கை விரல்கள் மரத்துக் கிடந்தன. குளிர் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். பையை இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் சரியானது. மாட்டியதும் மறுபடி வந்துவிட்டது.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் கொத்தாகச் சேர்ந்து, காறையெலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாக இறங்குகின்றன. தோள்வார் அழுத்துவதும் அந்த வழியில்தான். கனத்த பையோடு நெடுந்தூரம் நடக்கும் ராணுவ வீரர்களுக்கு இந்த நரம்புகள் நசுங்கிக் கை பலவீனமாவதுண்டு. மருத்துவத்தில் அதற்கு 'ரக்சாக் பால்சி' என்றே பெயர். தோளிலிருந்து கனத்தை இறக்குவது சொகுசுக்காக மட்டும் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

அந்தப் பையிலும் இடுப்புவார் இருந்தது. ஆனால் தம்பியின் முதுகு என் முதுகைவிட நீளம். அவனுக்கு இடுப்பெலும்பில் உட்கார்ந்த வார் எனக்கு அதற்கும் கீழே, தொடை மூட்டருகில் தொங்கியது. பிடித்துக்கொள்ள எலும்பு இல்லாததால் மொத்தக் கனமும் தோளுக்கே போய்விட்டது.

இடுப்புக்குக் கனத்தை இறக்கும் பையைப் பரவலாக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி. 1952இல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சட்டத்தை அவர் வளைத்தார். பையை வீட்டிலேயே தைத்தவர் மனைவி நீனா. பையைப் பற்றிய பேச்சில் நீனாவின் தையலுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விறைப்பான சட்டம் இல்லாவிட்டால் இடுப்புவாரால் பெரிய பயன் இல்லை. தலையணையை நிமிர்த்தி நிறுத்தினால் நடுவில் மடிவது போலப் பை மடிந்துவிடும். கனம் கீழே போய்ச் சேராது. இப்போது பெரும்பாலான பைகளில் சட்டம் உள்ளே மறைந்திருக்கிறது.

ஆக, முதலில் தெரிய வேண்டியது உங்கள் முதுகின் நீளம். உயரத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. "உங்க ஹைட்டுக்கு மீடியம்தான் மேடம்" என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். வீட்டில் அக்கா டேப் வைத்து அளந்தபோது வந்தது 41 செ.மீ. அந்தப் பையின் மீடியமோ 45இல் தொடங்கியது. உயரத்தில் பெரும்பகுதி எனக்குக் காலில் இருக்கிறது.

அளப்பது எளிது, துணைக்கு ஒருவர் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு முள்ளெலும்பு புடைத்துத் தெரியும். அது கழுத்தின் ஏழாவது எலும்பு. அடுத்து இடுப்பின் இரு பக்கமும் அழுத்தி எலும்பின் மேல்விளிம்பைக் கண்டுபிடித்து, கட்டைவிரல்கள் பின்னால் வரும்படி கைகளை அதன்மேல் வையுங்கள். இரு கட்டைவிரல்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, புடைத்த எலும்பிலிருந்து அந்தக் கோடு வரை முதுகின் வளைவை ஒட்டி டேப்பை இறக்க வேண்டும். எஸ், எம் என்ற எழுத்துகளின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்டிமீட்டரைக் கேளுங்கள்.

நீளம் பொருந்தினாலும் வடிவம் பொருந்த வேண்டும். பெண்களுக்குச் சராசரியாக இடுப்பெலும்பு அகலம், இடையிலிருந்து இடுப்புக்கு இறங்கும் சரிவும் அதிகம். நேர்ப்பட்டையாக வெட்டிய வாரை அந்தச் சரிவில் கட்டினால் ஒரு விளிம்பு மட்டும் சதையில் பதியும், மறு விளிம்பு தூக்கி நிற்கும். அதே கனம் சின்ன இடத்தில் இறங்குவதால் அழுத்தம் கூடி, சாயங்காலம் எலும்பின் மேல் கன்றிப்போன சிவப்புக் கோடு இருக்கும். பெண்களுக்கென்று வடிவமைத்த வார் புனல் போல, மேலே குறுகிக் கீழே விரிந்து, முழு அகலமும் உடம்போடு ஒட்டும். தோள்வார்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தொடங்கி, மார்பகத்தைச் சுற்றி வளைந்து இறங்கும். ஊதா நிறத்தைப் பூசி 'பெண்களுக்கானது' என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். இந்த வளைவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அகன்ற தோளும் நேரான இடுப்பும் உள்ள பெண்ணுக்கு ஆண்களின் பையே பொருந்தலாம், அதில் தவறே இல்லை.

அடுக்கும் விதத்திலும் பௌதிகம் இருக்கிறது. ஒரு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டு, அப்படியே கையை நீட்டிப் பாருங்கள். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. 2 லிட்டர் தண்ணீரை முதுகிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைப்பதற்கும் 30 செ.மீ. தள்ளி வைப்பதற்கும், உங்களைப் பின்னால் இழுக்கும் திருப்புவிசையில் மூன்று மடங்கு வித்தியாசம். அதை ஈடுகட்ட உடம்பு முன்னால் குனிகிறது, குனிந்த உடம்பை இடுப்புத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கின்றன. கனமானவை முதுகை ஒட்டி, நடுவில் இருக்கட்டும்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துப் பயனில்லை. எட்டு, ஒன்பது கிலோ வைக்கச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்புவாரை எலும்பின் மேல் ஏற்றிப் பூட்டுங்கள். பிறகுதான் தோள்வார். தோளின் மேலிருந்து பையின் தலைக்குப் போகும் சின்ன வார் சுமார் 45 பாகை சாய்வில் ஏற வேண்டும். கீழ்நோக்கிப் போனால் பை உங்களுக்குக் குட்டை. மார்புவாரை மூச்சு இறுகாதபடி, காறையெலும்புக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளலாம்.

கால் மணி நேரமாவது அப்படியே நடங்கள், படி ஏறி இறங்குங்கள். மலைக்குப் போடும் உடையிலேயே கடைக்குப் போவது நல்லது. இடுப்புவாருக்கு அடியில் சல்வாரின் நாடா முடிச்சு வந்தாலோ, தோள்வாருக்கு அடியில் உள்ளாடையின் கொக்கி வந்தாலோ, கடையில் தெரியாத அந்த உறுத்தல் ஐந்தாவது கிலோமீட்டரில் புண்ணாகும். இப்போது நான் முடிச்சில்லாத எலாஸ்டிக் பேன்ட்தான் போடுகிறேன்.