அந்த வாட்டர் பாட்டிலில் என்ன இருக்கிறது?

கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் தோல் பிரச்சினையோடுதான் வருவார்கள். விரலிடுக்கில் அரிப்பு, மணிக்கட்டில் தடிப்பு, சிலருக்கு இமை வீக்கம். செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். "ஃப்ரெண்டு கொண்டுவந்தது டாக்டர்." தொழில்சார் நோய்களைப் பார்க்கும் எனக்கு, சிற்பம் வார்க்கப் பயன்படுத்தும் ரெசின் என்ற இறுகும் பிசினைவிட இந்தப் பதில்தான் அதிகம் கவலை தருகிறது.

ஒரு பொருளைத் தானே தேடி வாங்கிப் பழகியவருக்கு அதன் குணம் தெரியும். சிற்பத் துறை மாணவருக்கு ஃபைபர் (கண்ணாடியிழை) வேலையில் எந்த டப்பாவை எப்போது திறக்க வேண்டும் என்பது கைவந்திருக்கும். ஆண்டு இறுதிக் கண்காட்சிக்காக ஓவியத் துறை நண்பர் அவரோடு சேர்கிறார். பொருள் கைமாறிவிடும், அதைப் பற்றிய எச்சரிக்கை கைமாறாது.

ஃபைபர் வேலையையே எடுத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் ரெசினோடு இரண்டு திரவங்கள் சேர்கின்றன. ஊதா நிறத்தில் இருப்பது, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் உள்ள ஆக்சிலரேட்டர். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பது, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர். அதன் வேதிப்பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் ஒரே கப்பில் அளப்பதுகூட ஆபத்து.

ஹார்ட்னர் மிகக் குறைவாகத்தான் தேவைப்படும், ரெசின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம். அதனால் பெரிய கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி எடுத்து வருவார்கள். எதில்? குடித்து முடித்த வாட்டர் பாட்டிலில். ராத்திரி முழுக்க நாலைந்து பேர் வேலை செய்யும் அறையில் அந்த பாட்டில் மேசை ஓரத்தில் நிற்கும். ஒரு வாய் குடித்தாலே உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகும், உயிரும் போகலாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால், ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். சுவரோவியத்துக்காகச் சுண்ணாம்பு நீற்றுகிறவர்களுக்கும் இதே முதலுதவிதான்.

ஃபைபர் வேலையில் எழும் காரமான நெடி, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் ஆவி. தர்மாகோல் உருவத்தின் மேல் நேரடியாக பாலியெஸ்டர் ரெசினைப் பூசி, அது உருகிக் குழிந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு ஸ்டைரீனின் வேலை புரியும். கோவிட் காலத்து என்95 மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசினில் நெடி குறைவு. அதனாலேயே விடுதி அறைக்குள் வைத்து ஊற்றுகிறார்கள். அதன் தொல்லை தோலில்தான். ஒருமுறை அலர்ஜி பிடித்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது, துளி பட்டாலே தடிப்பு கிளம்பும். ஊற்றுகிறவர் நைட்ரைல் கையுறை போட்டிருப்பார். மறுநாள் முழுதாக இறுகாத விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வரும் கூட்டாளி வெறுங்கையோடு உட்காருவார். என்னிடம் வருவது பெரும்பாலும் அந்தக் கூட்டாளிதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுதானே என்கிறார்கள். இறுகும்போது அது சூடாகும். மொத்தமாகக் கொட்டினால் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பள்ளி மாணவி தன் கையையே வார்ப்பு எடுக்க நினைத்து, பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை விட்டாள். அது இறுகிக் கைகள் வெளியே வரவில்லை. தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அவளுக்கு வயது 16. கை, முகம் வார்ப்பதற்கு ஆல்ஜினேட் இருக்கிறது, பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துவது. நண்பரின் உடம்பில் வார்க்கும்போது 'சுடுதா?' என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

'நான் கெமிக்கலே தொடுவதில்லை, இயற்கைப் பொருள் மட்டும்தான்' என்பவர்களிடம் டொராண்டோ சிற்பி ஜில்லியன் கென்சரைப் பற்றிச் சொல்வேன். நீல மட்டிச் சிப்பிகளைத் தேய்த்து ஆண்டுக்கணக்கில் ஒரு சிற்பம் செய்தார். சிப்பித் தூசியிலிருந்த ஆர்செனிக்கும் ஈயமும் உடலில் ஏறி, தலைவலி, குழப்பம், மறதி என்று முடங்கிப்போனார். காரணம் பிடிபடப் பல வருடங்கள் ஆயின; மருத்துவர்களிடம் இயற்கைப் பொருளோடுதான் வேலை செய்வதாக அவர் சொல்லிவந்தார். சிப்பியோ சிரட்டையோ, நனைத்துத் தேய்ப்பது நல்லது. களிமண் அறையையும் உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வெறும் வரைதல் என்றால் பயமில்லை. கரியையும் பேஸ்டலையும் வாயால் ஊதாமல் தாளைச் சாய்த்துத் தட்டிவிட்டால் போதும். வரைந்தது கலையாமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை வெளியே போய் அடியுங்கள். எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால், அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கூட்டு வேலை தொடங்கும் நாளில் எல்லாருமாகச் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்கெட்சுக்கு முன்னால், கொண்டுவந்த ஒவ்வொரு பொருளையும் மேசையில் வையுங்கள். மாற்றி ஊற்றியது எதுவானாலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயர், ஊற்றிய தேதி, எதோடு சேரக்கூடாது என்று எழுதுங்கள். ஹார்ட்னரை வாட்டர் பாட்டிலில் ஊற்றவே வேண்டாம். ஒவ்வொரு லேபிளையும் போட்டோ எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள். தோல் தடித்தோ மூச்சு இழுத்தோ மருத்துவரிடம் போகிறவர் அந்தப் படத்தைக் காட்டினால், எதைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.